பூவா சாப்ட்டேன்

மார்ச் பிறந்தால் எங்கள் டே கேருக்கு ‘ஸ்பிரிங்’ வந்துவிடும். சென்னை ஓரத்துச் செம்பாக்கத்துக்கு அந்த மாதம் வருவது என்னவோ வெயில்தான். காலையிலேயே குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஆனாலும் தலைமை அலுவலகம் அனுப்பும் பாடத்திட்டத்தில் அது வசந்த காலம். ட்யூலிப் செய்யுங்கள், டாஃபடில் செய்யுங்கள் என்று படம் படமாக வரும். நானே அந்தப் பூக்களைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டரை வயசுப் பிள்ளைக்கு எதைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது? வருடா வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வேன், வேறென்ன செய்ய.

வேலை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். முட்டை அட்டையைக் குழி குழியாக வெட்டினால் மஞ்சள் பூ. பிள்ளையின் உள்ளங்கையில் பெயின்ட் பூசித் தாளில் அழுத்தினால் இன்னொரு பூ. சிவப்பு கிரேப் பேப்பரைக் கிழித்துக் கசக்கி ஒட்டினால் ரோஜா மாதிரி ஏதோ ஒன்று. எல்லாவற்றையும்விட வெண்டைக்காய்தான் லட்டு. காம்புப் பக்கமாகக் குறுக்கே நறுக்கி, பெயின்டில் தோய்த்து, தாளில் ஒரு குத்து. ஐந்து இதழோடு பூ தானாக வந்து உட்காரும். பிள்ளைகளுக்கு அதில் அப்படி ஒரு குஷி. ஒருத்தன் தாளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் முதுகில் குத்துவான், அவள் அழுவாள், நான் கத்துவேன். இதுதான் எங்கள் வசந்த காலம்.

அந்த வருடம் திட்டத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. நிஜப் பூக்களை வைத்து ஒரு மேஜை அலங்கரிக்க வேண்டும், பிள்ளைகள் தொட்டும் முகர்ந்தும் பார்க்க வேண்டும். சென்டரை நடத்தும் அம்மா உடனே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து கொஞ்சம் பூ கொண்டுவரட்டும். அவ்வளவுதான் செய்தி. என்ன பூ என்று அவரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இங்கே எந்த வீட்டில் தோட்டம் இருக்கிறது? எல்லாம் அடுக்குமாடி. பால்கனியில் துணி காயும், மிஞ்சிப்போனால் ஒரு துளசித் தொட்டி. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் இருக்கிற பூ என்றால் அது சாமிக்கு வாங்கிய உதிரிப்பூதான். முதல் நாள் சாயங்காலமே தெருமுனை பூக்கார அக்காவிடம் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதில் பாதியைக் கவரில் போட்டு, பையில் சொருகி அனுப்பிவிட்டார்கள். ஒருத்தரும் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் யோசித்திருக்க மாட்டேன்.

கவர்களைப் பிரித்ததும் எங்கள் ஆயாம்மா வாய்விட்டுச் சிரித்தாள். “இன்னா மிஸ் இது, பூ எத்தாரச் சொன்னா சாமி ரூமையே அள்ளிக்கினு வந்துகீதுங்க.” சாமந்தி, நந்தியாவட்டை, கொஞ்சம் துளசி, ரோஜா இதழ். அடுத்த கவரைக் கொட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. “ஐயையோ மிஸ், அரளி கீது பாரு. செவப்பு அரளி.”

அரளி என்ற பேரைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விஷம்தான் நினைவுக்கு வரும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு தெருவில், எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி அதன் விதையை அரைத்துக் குடித்திருப்பாள். அதே அரளிப் பூதான் வெள்ளி தவறாமல் அம்மன் படத்துக்கும் ஏறுகிறது. வீட்டில் அது சாமிக்கு மட்டும் என்று உயரத்தில் இருப்பதால் யாருக்கும் பயம் தோன்றுவதில்லை. நானும் ஆயாம்மாவும் உட்கார்ந்து ஒவ்வொரு கவராகப் பொறுக்கினோம். அரளியை எல்லாம் தனியாக எடுத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்தோம். மீதிப் பூவை மேஜையில் பரப்பினோம். ஒரு அரளி மட்டும் உருண்டு மேஜைக்கு அடியில் போயிருக்கிறது. கிரேப் பேப்பர் துண்டுகளும் அதே சிவப்பில் தரையெல்லாம் கிடந்தன. யார் கண்ணிலும் படவில்லை.

அதைக் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டரை வயசு. நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. பேச்சு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை. அம்மாவுக்கு நாவலூரில், ஓ.எம்.ஆர் ஓரத்தில் ஒரு ஐ.டி. கம்பெனி. காலையில் முதல் ஆளாக வந்து இறங்கும் பிள்ளை இதுதான், சாயங்காலம் கடைசியாகப் போவதும் இதுதான். இடையில் மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் கையால். அந்த அம்மாவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மேடவாக்கம் ரோட்டு நெரிசலில் தினமும் போய் வருகிறவளுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

வெண்டைக்காய் அச்சு குத்திக்கொண்டிருந்த நேரம். ஒரு பையன் நீலப் பெயின்ட் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். அது வழிந்து இன்னொரு பிள்ளையின் வெள்ளைக் கவுனில் போய் நிற்க, நான் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். இந்தக் குழந்தை தன் நாற்காலியில் இல்லை. குனிந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வாயெல்லாம் சிவப்பு. கைப்பிடிக்குள் ஒரு அரளிப் பூவின் காம்பு. காம்பு மட்டும்தான். இதழ்கள் இல்லை.

இழுத்து வெளியே எடுத்தேன். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். எச்சிலும் சிவப்புமாகக் கையில் ஒட்டியது, வேறு ஒன்றும் வரவில்லை. “கண்ணு, பூ சாப்ட்டியா? மிஸ் கிட்ட சொல்லு. இந்தப் பூவை சாப்ட்டியா?”

அது என்னைப் பார்த்துச் சிரித்தது. “பூவா சாப்ட்டேன்” என்றது.

அதற்குப் பிறகு நான் கத்திய கத்தல் எனக்கே நினைவில்லை. எதிர் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தாராம், ஆயாம்மாதான் அப்புறம் சொன்னாள். அவர் ஆட்டோ பிடித்துத் தந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏறினேன். சென்டரை நடத்தும் அம்மா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றது. நின்றது என்றால் அசையவே இல்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் ஒரு பேருந்து. “அண்ணா, குழந்தைக்கு விஷம் ஏறுதுண்ணா, எப்படியாவது போங்கண்ணா” என்று அழுதேன். அந்த மனுஷன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, பிளாட்பாரத்தில் ஏற்றியே ஓட்டினார். குழந்தை ஹாரன் சத்தத்துக்குக் கை தட்டியது. நான் அதன் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, துடிக்கிறதா துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே, அந்த ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் சென்டரில் சோற்றுக்குப் பூவா என்றுதான் பெயர். ஆயாம்மா வைத்த பெயர். “வா வா, பூவா துன்லாம்” என்று அவள் தட்டோடு கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடிவரும். இட்லியும் பூவா, பருப்பு சாதமும் பூவா, பிஸ்கட்டும் பூவா. அப்படியானால் இது என்ன சொன்னது? பூவைச் சாப்பிட்டேன் என்றதா, சாப்பாடு சாப்பிட்டேன் என்றதா? நான் கேட்டதே தப்பான கேள்வி. திரும்பக் கேட்டேன். “என்னம்மா சாப்ட்ட?” “பூவா.” “பூ எங்கடா?” “பூவா சாப்ட்டேன்.” எப்படிக் கேட்டாலும் அதே பதில், அதே சிரிப்பு. ஐயோ, என்னை விட்டுவிடு சாமி என்று அழுகைதான் வந்தது.

தாம்பரத்தில் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயசு டாக்டர். அரளி என்றதும் அவர் முகம் மாறியது. மளமளவென்று ஆட்களைக் கூப்பிட்டார். நான் பூவா விஷயத்தைச் சொன்னேன். எனக்கே அது கேவலமாகத்தான் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம்மா. ஆனா கையில காம்பு இருக்கு, இதழைக் காணோம், வாய் சிவந்திருக்கு. சாப்பிட்டதா நினைச்சுத்தான் நான் பாக்கணும். அரளி இதயத்தைப் பிடிக்கிற விஷம்.”

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்து உள்ளே செலுத்தினார்கள். நான் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் பெயின்ட் பூசி விளையாடிய அதே கைகள், நகக்கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. குழந்தை “மிஸ், மிஸ்” என்று அலறியது. நான் காப்பாற்றுவேன் என்று நினைத்து அலறியது, நானோ பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அலறல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. பிறகு மார்பிலும் கையிலும் ஒயர்களை ஒட்டினார்கள். மானிட்டரில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

வெளியே வந்ததும் நடத்தும் அம்மா என்னை ஓரமாக அழைத்துப் போனார். “பேரன்ட் வந்துட்டே இருக்காங்க. அவங்க வந்ததும் ஃபர்ஸ்ட் திங் ஒண்ணு சொல்லிடுங்க மிஸ். அந்தப் பூ அவங்க வீட்லேர்ந்துதான் வந்தது. நாம வாங்கினது இல்ல. கவர் கூட நான் எடுத்து வெச்சிருக்கேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “அந்தப் பொண்ணு மூஞ்சைப் பாத்து நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கு வாய் வராது. வேலையை விட்டுத் தூக்கணும்னா இப்பவே தூக்குங்க” என்றேன். சத்தமாகவே சொன்னேன், பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

குழந்தையின் அம்மா ஓடிவந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, காலில் ஆபீசுக்குள் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு. மாற்றக்கூட நேரமில்லாமல் கிளம்பியிருக்கிறாள். கண்ணாடிக் கதவு வழியாகக் குழந்தையையும் குழாயையும் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போனில் அவளிடம் பூ என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

“என்ன பூ மிஸ்?”

“அரளி மேடம்.”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். “நான்தான் போட்டேன். என் கையால நான்தான் கவர்ல போட்டேன். பாவி, சாமிக்கு வாங்கினதை எடுத்துப் போட்டேனே.” யாரும் அவளிடம் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவள் உதறினாள்.

அப்போதுதான் டாக்டர் வந்து நிலைமையைச் சொன்னார். இப்போதைக்குத் துடிப்பு சரியாக இருக்கிறது. ஆனால் அரளி பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். துடிப்பு இறங்கிவிட்டால் அதை முறிக்கிற மருந்து இந்த ஆஸ்பத்திரியில் இல்லை, சிட்டிக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். “முழுப் பூவையும் சாப்பிட்டது உறுதின்னா இப்பவே ஆம்புலன்ஸ்ல மாத்திடலாம். உறுதி இல்லாம கிளம்பி, இந்த ட்ராஃபிக்ல வழியில ஏதாவது ஆச்சுன்னா கஷ்டம். அதான் கேக்குறேன், சாப்பிட்டதைப் பாத்தது யாரு?”

“யாரும் பாக்கல சார்” என்றேன். “அவ சொன்னதுதான். பூவா சாப்ட்டேன்னா. மேடம், எங்க சென்டர்ல சாப்பாட்டைத்தான் பூவான்னு சொல்லுவோம். அவ சாப்பாட்டைச் சொல்லியிருக்கலாம்…”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “எங்க வீட்ல மம்மம்னுதான் சொல்லுவா. என் பொண்ணு என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பூன்னா பூதான். உங்களைக் காப்பாத்திக்க கதை கட்டாதீங்க மிஸ். அவ உயிரோட விளையாடாதீங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குழந்தை சாப்பிடவில்லை என்றால் தப்பிப்பது நாங்களும்தான். என் வாயிலிருந்து வந்தால் அது கதைதான். அதுவும் போக, எனக்கே உறுதி இல்லையே! நான் அடித்துச் சொல்லி, இவர்கள் அதை நம்பி இங்கேயே வைத்திருந்து, சாயங்காலம் அந்தப் பச்சைக் கோடு நின்றுபோனால்? குழந்தையிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம், நீங்கள் கேட்டால் நீங்கள் சொல்வதையே சொல்வாள் என்று அவள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மதியம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. அறைக்குள் அம்மா கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். என்னை வெளியே போ என்று சொல்லவும் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. கதவுக்கு உட்பக்கமாகச் சுவரோடு ஒண்டி நின்றேன். வெளிநாட்டிலிருந்து அவள் கணவர் போன்மேல் போன். “என்னத்தைச் சொல்றது, இன்னும் தெரியலைங்க, தெரியலைங்க” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. குழந்தைக்கு எதுவும் குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அழுது அழுது அது ஒரு கட்டத்தில் சோர்ந்து கண்ணை மூடியது.

கண்ணை மூடியதும் மானிட்டரில் துடிப்பின் எண் இறங்க ஆரம்பித்தது. எனக்கு அந்த எண்ணைத் தவிர அறையில் வேறெதுவும் தெரியவில்லை. இறங்கியது, கொஞ்சம் நின்றது, மறுபடி இறங்கியது. அம்மா பார்த்துவிட்டாள். “டாக்டர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நான் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடவுளே, அந்த உயிரை எடுக்காதே, என்னை எடுத்துக்கொள். சினிமாவில் வேண்டுகிற மாதிரி இருக்கிறது என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும், அன்றைக்கு நான் வேண்டியது அதுதான். பெற்றவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஈ.சி.ஜி. தாளைக் கையில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “தூங்கும்போது எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் இறங்கும். அதுவா இருக்கலாம். விஷத்தோட ஆரம்பமாவும் இருக்கலாம். நான் இனிமே ரிஸ்க் எடுக்க விரும்பலை. ஆம்புலன்ஸை ரெடி பண்ணச் சொல்றேன். நீங்க முடிவு சொல்லுங்கம்மா.” அவள் என்ன முடிவைச் சொல்வாள்? போனால் வழியில் என்ன ஆகுமோ, இருந்தால் இங்கே என்ன ஆகுமோ. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா, தெரியாது என்றா, யாருக்கும் புரியவில்லை.

ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. எண் சட்டென்று ஏறியது. அம்மா குனிந்து அதன் முகத்தைத் தடவினாள். அது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்து, “பூவா” என்றது.

“வேண்டாம் கண்ணு. பூ வேண்டாம்டா செல்லம். பூ கெட்டது. இனிமே நம்ம வீட்டுக்குப் பூவே வேண்டாம்.”

“பூவா.” இன்னும் சத்தமாக. “அம்மா, பூவா!” கையை நீட்டி, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டியது. அம்மாவுக்குப் புரியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே தலையை வருடினாள். குழந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. காலை உதைத்தது. கண் அறையைச் சுற்றித் தேடியது. தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டது.

“மிஸ்! மிஸ், பூவா குது!”

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கதை கட்டுகிறேன் என்பாளோ என்று பயம். பசி அதற்கு. மதியச் சோறு இல்லாமல் பட்டினி. வயிறு சுருங்கிச் சோறு கேட்கிறது, அதுவும் பெற்றவள் பக்கத்திலிருக்க என்னைக் கேட்கிறது. எனக்குச் சந்தோஷம் பொங்கிவந்த அதே நேரம், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் நிமிர்ந்தாள். குழந்தையைப் பார்த்தாள், குவிந்த விரல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாக, தெரியாத பாஷையைப் பேசிப் பார்க்கிறவள் போலக் கேட்டாள். “பூவாவா? செல்லத்துக்குப் பூவா வேணுமா?”

குழந்தை வேகமாகத் தலையாட்டியது.

“காலைல… காலைல மிஸ் கிட்ட என்ன பூவா சாப்ட்ட?”

“வெண்டா” என்றது. முகத்தைச் சுளித்தது. “வெண்டா, தூ.”

வெண்டைக்காய்! சிவப்புப் பெயின்டில் தோய்த்த வெண்டைக்காயைக் கடித்துத் துப்பியிருக்கிறது. சாப்பிடுகிற காயைக் கையில் கொடுத்து, சாப்பிடாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? வாயின் சிவப்பு அதுதான். டாக்டர் பெயின்ட் என்ன பெயின்ட் என்றார். பிள்ளைகளுக்கென்றே செய்வது சார், வாயில் பட்டாலும் ஒன்றும் செய்யாது என்று உளறிக்கொட்டினேன். அம்மா கையை உயர்த்தி எங்கள் இருவரையும் அடக்கினாள். அவளுக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

“அந்த உம்மாச்சிப் பூ? செவப்புப் பூ? அது எங்கடா கண்ணு?”

“உம்மாச்சிக்கு” என்றது குழந்தை, இதுகூடத் தெரியாதா என்பது போல. ஒயர் ஒட்டிய கையைத் தூக்கி, இரண்டு விரலால் எதையோ கிள்ளி, முன்னால் போட்டது. கிள்ளிக் கிள்ளிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் “போத்தி, போத்தி” என்றது.

அர்ச்சனை செய்திருக்கிறது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை காலையில் அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இதழாகக் கிள்ளிப் போற்றி சொல்லிப் போட்டிருக்கிறது. கிரேப் பேப்பர் குப்பையில் அந்தச் சிவப்பு கலந்துவிட்டது. சாமி பூவை வாயில் வைக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் யாரோ, அவள் அந்த ஒயர்களுக்கு மேலேயே கவிழ்ந்து விழுந்து, ஊரே கேட்க அழுதாள். நானும் அழுதேன். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் லேசில் விடவில்லை. மறுநாள் காலை வரை மானிட்டர் இருக்கட்டும் என்றார். ஆனால் ஆம்புலன்ஸ் வேண்டாம், குழாயை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுக்கலாம் என்றார். நான் கீழே ஓடிப்போய் கேன்டீனில் இட்லி வாங்கி வந்தேன். அம்மா பிட்டு ஊட்டினாள். குழந்தை வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பியது. அவள் கை அந்தரத்தில் நின்றது. எனக்கு உயிர் போனது. நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“பூவா” என்றாள் அவள். “அம்மா பூவா தரேன். வா.”

அது வாயைத் திறந்தது. நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நடத்தும் அம்மா நிஜப் பூ மேஜையை ரத்து செய்துவிட்டு, வாட்ஸ்அப்பில் கிரேப் பேப்பர் ரோஜாவின் படத்தைப் போட்டார். இனி அந்தப் பிள்ளை வராது என்று ஆயாம்மாவும் நானும் பேசிக்கொண்டோம். “எந்தத் தாய் மிஸ் அனுப்பும்? நானா இருந்தா வூட்டாண்ட கூட வுட மாட்டேன்” என்றாள் ஆயாம்மா.

திங்கட்கிழமை, வழக்கம் போல, முதல் ஆளாக அந்த வண்டிதான் வந்து நின்றது. அம்மா இறங்கினாள், குழந்தையை இறக்கினாள், பையை என்னிடம் நீட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன. லீவு கேட்டேன் மிஸ், தரலை என்று மட்டும் சொன்னாள். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுத்தது. அவள் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டவள் கிளம்பாமல் நின்றாள். ஏதோ திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று கேட் அருகிலேயே நின்றேன்.

“மிஸ், தூக்கம் வந்தா அவ என்னன்னு கேப்பா?”

“தாச்சின்னு சொல்லுவா மேடம்” என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஏன், வீட்ல தூங்குறப்ப சொல்ல மாட்டாளா?” என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். “வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வண்டியிலயே தூங்கிடுவா மிஸ்.”